ஒன்றரைப் பவுன் குண்டும் நூறாம் நம்பர் ஊசியும்

தோளில் ஐஸ் கட்டியை அழுத்திக்கொண்டு இதைப் படிக்கும் என் மகனே,

வலது தோள்தானே? வீடியோ காலில் கேட்டதற்கு, ஜிம்மில் இடித்துக்கொண்டேன் என்றாய். ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளிலேயே பாதி ஆயுசைக் கழித்தவளிடம் கன்றிப்போன இடத்தை மறைக்கப் பார்க்கிறாயே, உன் தைரியத்தை மெச்சத்தான் வேண்டும். பனியன் ஓரத்தில் கத்திரிக்காய் நிறத்தில் தெரிந்தது. எந்த ஜிம்மிலும் துப்பாக்கிக் கட்டை அகலத்துக்கு அவ்வளவு ஒழுங்காக இடித்துக்கொள்ள முடியாது. அதனால் அந்தப் பேச்சை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருவோம். இதை உனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதினால் அந்த நாலு பேரும், "அம்மா சொன்னதைச் செஞ்சியாப்பா?" என்று உன்னைத் துளைப்பார்கள். ஆம்பூரில் எனக்கு இருக்கும் ஒரே ஆயுதம் அதுதான்.

படிக்கிற மற்றவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். என் மகன் மொன்டானாவில் பாலம் கட்டுகிற இன்ஜினியர். அங்கேயே ஹன்னா என்ற பெண்ணைப் பார்த்து, பிடித்து, எங்களிடம் சொல்லி, நானும் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்து நாலாம் நாள் பசி தாங்காமல் சம்மதித்து, வருகிற தை மாதம் ஆம்பூரில் கல்யாணம். பெண்ணின் அப்பா பெயர் வால்டர். ஆறடி மூன்றங்குலம். பேசுவதற்குக் கூலி கொடுக்க வேண்டிய ஆள். அந்த வீட்டில் ஒரு வழக்கம்: மாப்பிள்ளையாக வருகிறவன் ஒரு தடவையாவது மாமனாரோடு மலைக்கு எல்க் வேட்டைக்குப் போக வேண்டும். பரீட்சை என்று யாரும் சொல்வதில்லை. பரீட்சை என்று எல்லாருக்கும் தெரியும். எல்க் என்பது நம் ஜவ்வாது மலைக் கடமானுக்குப் பெரியண்ணன். முந்நூறு கிலோவுக்குக் குறையாதாம், கொம்பு மட்டும் ஓர் ஆள் உயரம். இங்கே கடமானைத் தொட்டால் ஜெயில். அங்கே கவர்ன்மென்ட்டே வகுப்பு நடத்தி, சர்டிபிகேட் கொடுத்து, லைசன்ஸும் கொடுத்து அனுப்பிவைக்கிறது. மரத்துக்குப் பின்னால் நிற்பவனை மான் என்று நினைத்து இன்னொருவன் சுட்டுவிடக் கூடாது என்று பளிச்சென்ற ஆரஞ்சு அங்கி வேறு. சந்நியாசி நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு வேட்டைக்குப் போகிற ஊர். விஷயம் தெரிந்ததும் உன் அத்தை ஆலங்காயத்திலிருந்து போன் போட்டு, "ஃபாரஸ்ட்டுக்காரன் புடிச்சா நாங்க ஜாமீனுக்கு வரமாட்டோம், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். பாஸ்போர்ட்டே இல்லாத உன் அத்தை.

இப்போது உன் பிரச்சினை. வால்டரிடம் இரண்டு துப்பாக்கி இருக்கிறது. ஒன்று பழையது, முப்பது-ஆறு என்கிறார்களே, அந்தத் தோட்டா போடுவது; அலமாரியில் கிடக்கிறது. இன்னொன்று ஐந்தாறு வருஷமாக அவர் தோளை விட்டு இறங்காத முந்நூறு மேக்னம். அதைச் சுட்டுப் பார்த்துத்தான் உன் தோள் கன்றியிருக்கிறது; ஆனாலும் அவர் பெரியது வைத்திருப்பதால் நீயும் பெரியதே வாங்கப் போகிறாய். வருகிற சனிக்கிழமை கடைக்குப் போகிறாய். போன மாதம் பேச்சோடு பேச்சாக, "குண்டு நூத்தி எண்பது கிரெயின் போதுமாம்மா, எரநூறே வாங்கிடவா?" என்று என்னைக் கேட்டாய். விளையாட்டாகத்தான் கேட்டாய், தெரியும். சேலைக்கு மேட்சாக பிளவுஸ் துணி எடுக்கும்போது நீ என்னைக் கேலி செய்கிற அதே குரல். ஆனால் என்னிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா போக முடியுமா? பதினைந்து நாள் வேறு வேலை பார்க்கவில்லை. தாடி வைத்த அமெரிக்காக்காரர்கள் பேசும் வீடியோ அத்தனையும் பார்த்தேன். பாதி புரியவில்லை, மீதியைத் திரும்பப் பார்த்தேன். இப்போது என் போனைத் திறந்தால் துப்பாக்கி, கத்தி, கரடி விரட்டும் மருந்து என்று விளம்பரமாக வருகிறது. உன் அப்பா இரண்டு நாளாக என்னிடம் குரல் உயர்த்துவதே இல்லை.

முதலில் இந்தக் கிரெயின் கணக்கு. தோட்டா என்பது முழுசு: பித்தளைக் கூடு, உள்ளே மருந்து, நுனியில் குண்டு. கிரெயின் என்பது அந்த நுனிக் குண்டின் எடை மட்டும். கால்குலேட்டரை வைத்துப் போட்டுப் பார்த்தேன். நூற்றெண்பது கிரெயின் ஏறக்குறைய பதினொன்றே முக்கால் கிராம். அதாவது ஒன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு மெல்லிய சங்கிலி. முந்நூறு கிலோ மிருகத்தைப் படுக்க வைக்க ஒரு சங்கிலி எடை போதும் என்றதும் கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். அப்புறம் யோசித்தேன், எத்தனை கல்யாணங்களைப் படுக்க வைத்திருக்கிறது அதே எடை. இருநூறு கிரெயின் என்றால் பதின்மூன்று கிராம். இந்த ஒன்றேகால் கிராம் வித்தியாசத்துக்குத்தான் நீ இரண்டு மாதமாக மண்டையை உடைத்துக்கொள்கிறாய். அந்த எடை உன் பிரச்சினையே இல்லை, கண்ணு. எது பிரச்சினை என்று சொல்ல, நான் இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நீ ஏழாவது படித்தபோது நான் கம்பெனியில் மூன்றாம் லைனுக்கு லீடர். முப்பது மெஷின், முப்பது பெண்கள். ஷூவின் மேல்பாகத்தை, அப்பர் என்போமே, அதைத் தைக்கிற வேலை. எதிரே நாலாம் லைன். அதற்கு லீடர் ஜரினா. இப்போது நம் வீட்டுக்கு வந்து என் டீயைக் குறை சொல்கிற அதே ஜரினா ஆன்ட்டிதான். அப்போது நாங்கள் இரண்டு பேரும் ஒரு பாத்ரூம் கண்ணாடியில் சேர்ந்து முகம் பார்க்கமாட்டோம். பனி ஊருக்குப் போகிற பூட்ஸ் ஆர்டர் ஒன்று வந்தது. தோல் நல்ல தடிமன், அப்பளக் கட்டையால் அடித்தாலும் மடங்காது. சாம்பிள் ரூமில் நூறாம் நம்பர் ஊசி போடச் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் காலையிலேயே என் லைனில் இரண்டு ஊசி உடைந்தது. நிமிர்ந்து பார்த்தால் எதிர் லைன் நிற்காமல் ஓடுகிறது. ஜரினா என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கவில்லை என்று இன்றுவரை சத்தியம் செய்கிறாள், சிரித்தாள்.

மெக்கானிக் சாதிக் பாயைக் கூப்பிட்டு, நூற்று முப்பது ஊசி கொண்டுவாருங்கள் என்றேன். நூற்று முப்பது என்றால் சாக்கு தைக்கிற ஊசிக்குத் தங்கச்சி. அவர் உடைந்த ஊசியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"தோலு தடிச்சிருக்குதுன்னு ஊசியும் தடியாப் போட முடியுமாக்கா? இதோட முனையப் பாருங்க, மழுங்கிக் கெடக்குது. முனை சரியா இருந்தா நூறே எறங்கும்."

"ஜரினா லைன்ல இன்னா ஊசி?"

"அந்தக் கதை வேறக்கா."

"அதே கதையை எனக்கும் போடுங்க பாய்."

நூற்று முப்பதைப் போட்டார். அன்றைக்கு முழுக்க ஒரு ஊசி உடையவில்லை. சாயங்காலம் கேன்டீனில் நான் டீயை எப்படிக் குடித்தேன் தெரியுமா, பாளையக்காரர் மாதிரி. மூன்றாம் நாள் லாஸ்ட்டிங்கிலிருந்து ஆள் வந்தது. தைத்த அப்பரைக் கட்டை அச்சின்மேல் போட்டு இழுக்கிற இடம் அது. இழுத்ததும் தையல் போன வழியே தோல் கிழிந்து வந்திருக்கிறது, பஸ் டிக்கெட் கிழிகிற மாதிரி, அவ்வளவு நேராக, அவ்வளவு அழகாக. தடி ஊசி போட்ட ஓட்டைகள் ஒன்றோடொன்று கைகோத்து நின்றிருந்தன. துணியாக இருந்தால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம், துவைத்தால் ஓட்டை மூடிக்கொள்ளும். தோலில் போட்ட ஓட்டை மூடாது. மூன்று நாள் வேலை அத்தனையும் குப்பைக்கு.

இதுவரை சொன்னது முட்டாள்தனம், அதை எந்தக் கல்யாண வீட்டிலும் நானே சொல்லிச் சிரிப்பேன். சொல்லாதது இனிமேல்தான். மேனேஜர் வந்து, எவன் இந்த ஊசியைப் போட்டது என்று கத்தினார். எல்லாப் பெண்களும் பார்க்கிறார்கள். ஜரினாவும் பார்க்கிறாள். எனக்கு வாய் வரவில்லை. உனக்குத் தெரியும், எனக்கு வாய் வராமல் போவது என்றால் என்ன என்று. சாதிக் பாய் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நான்தான் சார் போட்டேன்" என்றார். பொய் இல்லையே, போட்டது அவர்தானே. அவருக்கு மெமோ. ஒன்பது நாள் நான் அந்த மனிதர் முகத்தைப் பார்க்காமல் வேறு வழியாகக் கழிப்பறைக்குப் போனேன். பத்தாம் நாள் மேனேஜர் ரூமுக்குப் போய், கேட்டு வாங்கியது நான் என்று சொல்லிவிட்டேன். தர்ம சிந்தனையெல்லாம் இல்லை. அந்தச் சுற்று வழியில் நடந்து கால் வலித்துவிட்டது. லீடர் பதவி போனது. தண்டனையாகச் செக்கிங் டேபிளில் உட்கார வைத்தார்கள். ஒன்றுக்கும் லாயக்கில்லாதவள் என்று உட்கார வைத்த இடத்தில்தான் எனக்குக் கண் இருப்பதே தெரிந்தது. எவ்வளவு சின்னக் குறை என்றாலும் என் டேபிளைத் தாண்டாது என்று பேர் எடுத்தேன். சாதிக் பாய் அதற்குப் பிறகு தினமும் என் டேபிள் பக்கம் வந்து, "இன்னாக்கா, இன்னிக்கு எந்த ஊசி?" என்று கேட்டுவிட்டுப் போவார். ரிட்டயர் ஆகிற நாள்வரை கேட்டார்.

பன்னிரண்டு வருஷம் கழித்து ஜரினாவின் மகள் கல்யாணத்தில், பிரியாணியில் கறியைத் தேடிக்கொண்டே அவளைக் கேட்டேன், உன் லைனில் மட்டும் ஏன் கிழியவில்லை என்று. அவள் கையை நிறுத்தினாள். "யாருடி சொன்னா கிழியலன்னு? உனக்கு முந்தி எனக்குத்தான் கிழிஞ்சிது. ஒட்டிச் சாயம் பூசி ஒப்பேத்துனேன். நீ தடி ஊசிக்கு மாறிட்டன்னு எவளோ சொன்னா, அதான் நானும் மாத்துனேன்." நான் எங்கே மாறினேன்? அவளைப் பார்த்துத்தானே நான் மாறினேன். என்னைப் பார்த்து அவள், அவளைப் பார்த்து நான். நடுவில் எத்தனை மாட்டின் தோல் வீணாய்ப் போனது.

இப்போது உன் வீடியோவுக்கு வருகிறேன். சுடும் இடத்தில் வால்டர் அந்த மேக்னத்தைச் சுடுவதை நீ எடுத்து அனுப்பினாயே, "மாமா எப்படிச் சுடறாரு பாத்தியா" என்று பெருமையாக. பார்த்தேன். செக்கிங் டேபிளில் பார்க்கிற மாதிரி, மெதுவாக ஓடவிட்டு, நாற்பது தடவை. மூன்று தடவை வெடிக்கிறது. நாலாம் தடவை தோட்டா தீர்ந்தது தெரியாமல் விசையை இழுக்கிறார். டக் என்று வெறும் சத்தம். ஹன்னா சிரிக்கிறாள், நீ சிரிக்கிறாய், கேமரா ஆடுகிறது. அந்த டக்கை மட்டும் திரும்பப் பார். வெடிக்காத துப்பாக்கிக்கு அந்த ஆறடி மூன்றங்குல மனிதர் கண்ணை இறுக மூடுகிறார். தோளை உள்ளே இழுக்கிறார். குழல் முனை ஒரு விரற்கடை கீழே இறங்குகிறது. சுட்டதும் துப்பாக்கி தோளில் திருப்பி உதைக்குமே, அந்த உதைக்குப் பயந்து, உதை வருவதற்கு முன்னாலேயே. நீயும் அதைத்தான் செய்கிறாய் என்று உன் தோள் சொல்கிறது. நீ அவரைப் பார்த்துப் பெரியதைத் தூக்குகிறாய். அவர் யாரைப் பார்த்துத் தூக்கினாரோ, எனக்குத் தெரியாது; அங்கேயும் ஒரு நாலாம் லைன் இருக்கும்.

இது உங்கள் இரண்டு பேர் கௌரவத்தோடு முடிகிற விஷயமாக இருந்தால் நான் சிரித்துவிட்டுப் போவேன். விரற்கடை எதற்கு, குழல் முனை இங்கே ஒரு நூல் இறங்கினாலே இருநூறு கஜம் தள்ளி நிற்கும் மிருகத்துக்கு நெஞ்சில் படவேண்டியது வயிற்றிலோ காலிலோ படும். அது சாகாது. மலை மலையாக நடக்கும். உன் அப்பா தோல் மண்டியில் தரம் பிரிக்கிறவர், அதிகம் பேசமாட்டார். இதை அவரிடம் சொன்னபோது ஒரே ஒரு விஷயம் சொன்னார். எப்போதோ ஆறிப்போன காயம் இருக்கிற தோலைச் சாயத்தில் போட்டால், அந்த இடம் மட்டும் சாயம் பிடிக்காதாம். எத்தனை முறை போட்டாலும். "மாடு மறந்திருக்கும், தோலு மறக்காது" என்றார். என்னைக் கட்டிய இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன இரண்டாவது நல்ல வாக்கியம் அது.

ஆகவே, தாடிக்காரர்கள் அத்தனை பேரையும் கேட்டு, சாதிக் பாயை நினைத்துக்கொண்டு, நான் எடுத்த முடிவைச் சொல்கிறேன். முப்பது-ஆறு போதும். அந்தப் பெயரில் இருக்கிற ஆறு அது பிறந்த வருஷமாம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு. நூறு வருஷத்துக்கு மேலாக அந்த மலைகளில் எல்க்கை வீழ்த்திய தோட்டா உனக்கு மட்டும் போதாமல் போய்விடாது. மேக்னம் அதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உதைக்குமாம். குண்டு நூற்றெண்பது கிரெயின். எடையைவிட அது எந்த வகை என்று பார். ஊசிக்கு முனை மாதிரி. எலும்பில் பட்டதும் சிதறிப்போகிற வகை வேண்டாம். முழுச் செம்பிலோ, ஈயமும் செம்பும் பிரியாதபடி ஒட்டியோ செய்த, உடையாமல் ஆழமாகப் போகிற வகை கேள். முழுச் செம்பு என்றால் நூற்று அறுபத்தைந்துகூட நன்றாக வேலை செய்யும் என்கிறார்கள். அந்தத் துப்பாக்கி எந்தக் குண்டை ஒரே இடத்தில் நெருக்கமாகப் போடுகிறதோ அதை வைத்துக்கொள். எல்க் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் குறி வை. காகிதத்தில் பத்துக்குப் பத்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் போடுகிற தூரம் எதுவோ, அதுதான் உன் தூரம். அதற்கு மேல் ஒரு கஜம் என்றாலும் துப்பாக்கியை இறக்கிவிடு. கண் மூடுகிற பழக்கம் போக ஒரு வழி இருக்கிறது: ஹன்னா தோட்டாவைப் போடட்டும், சில சமயம் போடாமலே கொடுக்கட்டும். எது என்று உனக்குச் சொல்லக் கூடாது. டக் என்கிறபோது குழல் ஆடாமல் நிற்கிற அன்றைக்கு நீ மலைக்குப் போகலாம். அதுவரை உன் சர்டிபிகேட்டை நான் நம்பமாட்டேன்.

துப்பாக்கியை எங்கே வாங்குவது என்று கேட்பாய். வாங்காதே. வால்டரிடம் போய் அந்த அலமாரித் துப்பாக்கியை இரவல் கேள். அவர் கண்ணை மூடுவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே, அது நமக்குள். அவருக்குத் தமிழ் தெரியாது என்ற ஒரே தைரியத்தில்தான் இதை இங்கே எழுதுகிறேன். போனைக் காட்டினால் எந்த மொழியும் இங்கிலீஷாக மாறுகிறதாமே, அதனால் இந்தப் பக்கத்தை அவர் போன் அண்டாமல் பார்த்துக்கொள். உன்னைப் பற்றி மட்டும் சொல். மேக்னம் எனக்குத் தாங்கவில்லை, பயமாக இருக்கிறது என்று சொல். நீ சொன்ன உடனே அவர் உன்னை ஏளனமாகப் பார்ப்பார் என்று நினைக்கிறாய். எனக்கு என்னவோ, அந்த மனிதர் ஐந்தாறு வருஷமாக யாராவது இதைச் சொல்லமாட்டார்களா என்று காத்திருக்கிறார் என்று தோன்றுகிறது. உனக்குப் பழக்கிக் காட்டுகிற சாக்கில் அவரும் அந்தப் பழையதை எடுத்துக்கொள்வார். ஒரு மெஷினுக்கு இரண்டு ஷிப்ட் மாதிரி ஒரு துப்பாக்கியோடு இரண்டு பேரும் போங்கள். ஒருவர் சுட, ஒருவர் பைனாகுலரில் பார்க்க. ஒன்றும் கிடைக்காமல் கீழே இறங்கினாலும் குறைச்சல் இல்லை. நீ கேட்கப் போனது பெண்ணை, அவள் ஏற்கெனவே சரி என்று சொல்லியாயிற்று. எல்க்கிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

பூண்டு ஊறுகாய் பார்சலில் ஒரு தோல் துண்டு வைத்திருக்கிறேன். குப்பைக்குப் போன அந்த பூட்ஸ் தோலிலிருந்து அன்றைக்கு நான் மறைத்துக் கொண்டுவந்தது. இத்தனை வருஷமாக நம் கிரைண்டர் காலுக்கு அடியில் ஆடாமல் இருக்க உதவியது. பழைய தடி ஊசித் தையலுக்குப் பக்கத்தில், போன வாரம் ஜரினாவை உட்கார வைத்து நூறாம் நம்பரில் இன்னொரு வரிசை போட்டுக்கொண்டேன். அவள் கை இன்னும் நேராகத்தான் ஓடுகிறது, என் டீ மட்டும்தான் இன்னும் சரியில்லையாம். அந்தத் துண்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வால்டருக்குக் காட்டு. மிருகத்தின் தோலை உரித்துப் பழகிய வேட்டைக்காரர், மொழி தேவைப்படாது.

சனிக்கிழமை கடைக்குப் போகாதே. அவர் வீட்டுக்குப் போ. கதவைத் தட்டி, ஹன்னா இல்லாத நேரமாகப் பார்த்து, பனியனை விலக்கி முதலில் உன் தோளைக் காட்டு. பதிலுக்கு அவர் தன் சட்டைப் பொத்தானைக் கழற்றினால், அங்கே என்ன நிறம் என்று எனக்கு மட்டும் எழுது.